உப்பைக் கக்கும் இலைகள்

சென்ற மாரிக்கு முன்னர், கடனீரேரிக் கரையோரக் கிராமம் ஒன்றில் மீளக் குடியேறிய கமக்காரக் குடும்பங்களோடு ஒரு பூவரச மர நிழலில் கூடியிருந்தோம். பேச்சு முழுவதும் உவரைப் பற்றியதாகவே இருந்தது. 20 வருடங்களுக்கு மேலாக மண்வெட்டி படாத வயல்கள். வரம்புகள் கரைந்து போய்விட்டன. வெய்யில் ஏறியதும் நிலம் வெள்ளையாகப் பூக்கிறது. அப்போது பெரியவர் ஒருவர் கேட்டார்:

"சுவாமி, கண்ணா மரம் உப்பை உறிஞ்சி இலையாலை கக்கிப்போடுமாம். அப்ப வயலுக்கை நாலு வரிசை கண்ணாவை நட்டுவிட்டால் உப்பெல்லாம் போயிடாதோ? அப்பிடித்தான் ஒரு கூட்டத்திலை வந்து எங்களுக்குச் சொன்னவை."

இந்தக் கேள்வியில் பாதி உண்மை உண்டு. கண்ணா உப்பைக் கக்குகிறது என்பது சரி. அதனால் வயலின் உப்புப் போய்விடும் என்பது சரியல்ல. நிவாரணக் காசிலோ கடன்பட்டோ விதைநெல் வாங்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு போகத்தின் விலை. மீதி இடங்களில் இன்னும் உறவினர் வீட்டிலும் வாடகைக் காணியிலும் இருந்துகொண்டு, தங்கள் நிலம் எப்போது விடுபடும் என்று காத்திருப்போருக்கும் இது நாளை வரப்போகும் கேள்விதான். ஆகவே அன்று மர நிழலில் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

உப்பு பயிரை எப்படிக் கொல்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஊறுகாய்க்குத் தேசிக்காயை வெட்டி உப்புத் தூவி வைத்தால், மறுநாள் போத்தலின் அடியில் நீர் நிற்கும். நாம் தண்ணீர் ஊற்றவில்லை. காயினுள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்திருக்கிறது. உவர் மண்ணில் நிற்கும் நெல்லின் வேருக்கும் இதுவே நேர்கிறது. மண்ணில் ஈரம் இருக்கும். பிடித்துப் பார்த்தால் உருண்டையாகும். ஆனாலும் பயிர் நடுப்பகலில் துவண்டு நிற்கும். வேர் நீரைத் தன் பக்கம் இழுக்க, மண்ணிலுள்ள உப்பு அதைத் தன் பக்கம் பிடித்து வைக்கிறது. பாடசாலையில் பிள்ளைகள் பிரசாரணம் என்று படிப்பது இதைத்தான்.

இது முதல் அடி. இரண்டாவது அடி சில நாட்கள் பிந்தி விழும். வேர் எப்படியோ உறிஞ்சிய நீரோடு சோடியமும் குளோரைட்டும் இலைக்கு ஏறுகின்றன. இலையிலிருந்து நீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு போக வழியில்லை. கேத்திலில் நாள்தோறும் தண்ணீர் கொதிக்க வைக்க, அடியில் வெள்ளைப் படிவு தங்குவதைப்போல இலையினுள் உப்புத் தங்கிக் கூடுகிறது. முதலில் அடி இலைகளின் நுனி கருகும். பிறகு முழு இலையும் காயும். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். மருந்துக் காசும் வீண்.

இப்போது கண்ணாவுக்கு வருவோம். எதைச் சொல்கிறேன் என்பதில் குழப்பம் வேண்டாம். சேற்றிலிருந்து பென்சில் பருமனில் நூற்றுக்கணக்கான மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்க, இலையின் மேற்புறம் பச்சையாகவும் கீழ்ப்புறம் சாம்பல் வெள்ளையாகவும் இருக்கும் மரமே கண்ணா. வெண்கண்டல் என்பதும் இதுவே. வளைந்த கால்களை ஊன்றி நிற்பதுபோல வேர்விட்ட கண்டல் வேறு மரம். அது இலையால் உப்பைக் கக்குவதில்லை.

கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிறாம் உப்பு இருக்கிறது. இந்த நீர் காலடியில் ஏறி இறங்கும் இடத்தில் கண்ணா இலை துளிர்க்கிறது, பூக்கிறது, காய்க்கிறது. 1960களில் சோலாண்டர் என்ற ஆய்வாளர், கண்டல் வகை மரங்களின் காழினுள் ஏறும் சாற்றை எடுத்து அதிலுள்ள உப்பை அளந்தார். கக்காத இனங்களின் சாறு நன்னீருக்குக் கிட்ட இருந்தது. கக்கும் இனங்களின் சாற்றில் அதைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு உப்பு இருந்தது. அப்படியிருந்தும் அது கடல்நீரில் உள்ள உப்பின் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

இந்தக் கணக்கைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். கக்கும் மரம் என்று பெயர் பெற்ற கண்ணாவே உப்பில் பத்தில் ஒன்பது பங்கை வேரின் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இலையில் நடப்பது, தப்பி உள்ளே வந்த அந்தப் பத்தாவது பங்கை வெளியேற்றும் வேலை. ஆனால் அந்தப் பங்கை வெளியேற்றாவிட்டால், நெல்லின் இலைக்கு நேர்ந்த கதியே சில கிழமைகளில் கண்ணாவின் இலைக்கும் நேர்ந்துவிடும்.

வெளியேற்றும் கருவிதான் உப்புச் சுரப்பி. கண்ணா இலையின் இரு புறத்திலும் இவை இருக்கின்றன. மேற்புறத்தில் சிறு குழிகளினுள் புதைந்தும், கீழ்ப்புறத்தில் வெள்ளை மயிர்களுக்கிடையே மறைந்தும் இருக்கும். ஒரு மில்லிமீற்றரை இருபது, முப்பது பங்காக்கினால் வரும் அளவுதான் ஒரு சுரப்பி. வெறும் கண்ணுக்குத் தெரியாது; பாடசாலை நுணுக்குக்காட்டியில் தெரியும்.

ஒவ்வொரு சுரப்பியும் சில கலங்கள் சேர்ந்த ஒரு சிறு கூட்டம். அடியில் இரண்டு முதல் நான்கு கலங்கள் இலையின் உள்ளிருந்து உப்பைச் சேகரிக்கின்றன. அவற்றின் மேல் காம்புபோல ஒரேயொரு கலம். அதன் மேல் ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு கலங்கள் குடைபோல் விரிந்திருக்கின்றன. சுரக்கும் வேலை இவற்றுடையது. இவற்றை மூடி மெழுகுத் தன்மையான புறத்தோல் ஒன்று இருக்கிறது. அதில் நுண்ணிய துவாரங்கள் உண்டு.

நடுவிலிருக்கும் அந்தக் காம்புக் கலத்தின் பக்கச் சுவர்கள் நீர் புகாதபடி மெழுகால் அடைக்கப்பட்டவை. கீழிருந்து மேலே போக வேண்டியது கலத்தினூடாக மட்டுமே போகலாம். மேலே போன உப்பு சுவர் வழியாக ஒழுகி இலைக்குள் திரும்ப முடியாது. சைக்கிள் ரியூப்பின் வால்வு போன்றது இது. காற்று உள்ளே போகும், திரும்பி வராது. மேலேயுள்ள கலங்கள் உப்பைப் புறத்தோலுக்குக் கீழிருக்கும் சிறு இடைவெளிக்குள் தள்ளுகின்றன. உப்பு சேர்ந்த இடத்துக்கு நீர் தானாகப் பின்தொடர்ந்து வருகிறது. தேசிக்காயில் கண்ட அதே கதைதான். ஆனால் இங்கே மரம் அதைத் தன் நன்மைக்குப் பயன்படுத்துகிறது. இடைவெளியில் அமுக்கம் கூட, துவாரங்கள் வழியாகத் துளி துளியாக உப்புநீர் வெளியே வருகிறது. இந்தத் துளி கடல்நீர் அளவுக்கு, சிலவேளை அதற்கும் மேலாக உப்பானது.

காலையில் போய்க் கண்ணா இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். பனி என்று நினைப்போம். நக்கிப் பார்த்தால் கரிக்கும். நடுப்பகலில் அதே இலையில் ஈரம் காய்ந்து சீனிபோலப் பளிச்சிடும் உப்புப் பளிங்குகளைக் காணலாம். பிள்ளைகள் விரும்பினால் ஒரு சோதனை செய்யட்டும்: மரத்திலிருக்கும் நாலைந்து இலைகளை நன்னீரால் நன்றாகக் கழுவி, நூலால் அடையாளம் கட்டிவிட வேண்டும். மழையில்லாத நாளாகப் பார்த்து மறுநாள் மதியம் போய்ப் பார்த்தால், கழுவிய இலையில் மீண்டும் உப்பு வந்திருக்கும்.

இந்த வேலை சும்மா நடப்பதில்லை. உப்புக் குறைந்த இடத்திலிருந்து உப்புக் கூடிய இடத்துக்கு உப்பைத் தள்ளுவது, பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் இறைப்பதைப் போன்றது. துலா மிதிக்க ஆள் வேண்டும். இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டும். சுரக்கும் கலங்களுக்குள் சக்தி தரும் இழைமணிகள் நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. இலையின் சுவாசத்தைத் தடுக்கும் இரசாயனத்தைக் கொடுத்தால் உப்புச் சுரப்பதும் நின்றுவிடும். வெய்யிலில் ஆக்கிய உணவின் ஒரு பகுதியை மரம் இதற்காகவே எரிக்கிறது. அதனால்தான் ஆற்றுநீர் வந்து கலக்கும் முகத்துவாரத்தில் நெடிதுயர்ந்து நிற்கும் கண்ணா, நன்னீர் எட்டாத உவர் வெளியில் இடுப்பளவுப் பற்றையாகக் குறுகி நிற்கிறது. உப்பைத் தாங்குகிறது என்பது உண்மை. உப்பை விரும்புகிறது என்று சொல்ல முடியாது.

விவிலியத்தை வாசிப்போர் ஒன்றை நினைவுகூரலாம். தொடக்க நூலின் 21ஆம் அதிகாரத்தில், நாடுவிட்டு நாடு வந்த ஆபிரகாம் பெயேர்செபாவில் ஒரு மரம் நட்டதாக வருகிறது. அது தமரிஸ்க் என்னும் பாலைநில மரம் என்று அறிஞர் கொள்கின்றனர். அதுவும் உப்புக் கக்கும் சாதிதான். அதன் சுரப்பி எட்டுக் கலங்களால் ஆனது. அதே சாதியைச் சேர்ந்த பாலைநில மரம் ஒன்றின் இலையில் காயும் உப்புக் கலவை, இரவில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இலையை நனைக்க உதவுகிறது என்று அபுதாபியில் உள்ள ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். கழிவென்று வெளியே தள்ளியதிலிருந்தும் ஒரு துளி தண்ணீரைச் சம்பாதிக்கும் மரம்! கண்ணாவை விட்டுச் சற்று விலகிவிட்டேன், திரும்புவோம்.

எல்லா உவர்ச் செடிகளும் கக்குவதில்லை. உமரியைப் பாருங்கள். அது உப்பைத் தன் இலைக் கலங்களின் நடுவிலுள்ள புன்வெற்றிடங்களில் பூட்டி வைத்து, அதற்கு ஈடாக நீரையும் சேர்த்து, சதைப்பிடித்துப் பருக்கிறது. இதனால்தான் உமரி கரிக்கிறது. நாம் தோட்டத்தில் செய்யும் பீற்றூட் உமரியின் தூரத்துச் சொந்தம். வெங்காயமும் போஞ்சியும் வாடும் உவரில் பீற்றூட் ஓரளவு தாக்குப்பிடிப்பதற்கு இந்தக் குடும்ப வழி ஒரு காரணம்.

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். எங்கள் காலடியில் கிடக்கும் அறுகம்புல்லின் இலையிலும் உப்புச் சுரப்பி உண்டு! கண்ணாவினுடையதைப்போல் பெரிய கூட்டமல்ல. அடியில் ஒரு கலம், மேலே ஒரு கலம், அவ்வளவுதான். ஆனாலும் வேலை அதே வேலை. ஆகவே, "அறுகு பச்சையாய் நிற்குது, மண் நல்லாய்த்தான் இருக்கும்" என்று ஒருவர் சொன்னால் நம்பி விதைத்துவிடாதீர்கள். அறுகு உவரிலும் நிற்கும்.

நெல்லுக்கு இந்தச் சுரப்பி இல்லை. நெல்லின் காட்டுச் சொந்தம் ஒன்று, வங்காளக் கழிமுகங்களிலும் சிந்து நதி முகத்திலும் உப்புச் சேற்றில் வளர்கிறது. அதன் இலைவரிகளில் உப்புக் கக்கும் மயிர்போன்ற சுரப்பிகள் இருக்கின்றன. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதைச் சாதாரண நெல்லோடு கலப்புச் செய்ய நெடுங்காலம் முயன்று, 2013இல் வெற்றி கண்டதாக அறிவித்தார்கள். நல்ல செய்தி. ஆனால் அது கமநல சேவை நிலையத்தில் மூடையாக வாங்கக்கூடிய விதைநெல்லின் கதையல்ல. யாராவது "கடல்நீரில் விளையும் நெல்" என்று விலை சொன்னால் சற்றுப் பொறுங்கள்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். கண்ணா கக்கிய உப்பு எங்கே போகிறது? கரையில் அது மழையில் கழுவப்பட்டுச் சேற்றில் விழுகிறது. வற்றுப்பெருக்கு அதை அள்ளிச் செல்கிறது. வரம்பு கட்டிய வயலில் வற்றுப்பெருக்கு இல்லை. இலையிலிருந்து விழும் உப்பு அதே மண்ணில்தான் விழும். மேலும், வேர் நீரை மட்டும் எடுத்துப் பத்தில் ஒன்பது பங்கு உப்பை வெளியே விட்டுவைப்பதால், வேரடி மண்ணில் உப்புக் கூடவும் செய்யும்.

சரி, இலையை வெட்டி வெளியே கொண்டுபோனால்? கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் ஒரு அடி ஆழமுள்ள மண் ஏறக்குறைய 1,700 தொன் எடை இருக்கும். ஆயிரத்துக்கு மூன்று பங்கு உப்பு அதில் இருந்தால் மொத்தம் 5 தொன் உப்பு, அதாவது 50 கிலோ மூடைகளில் 100 மூடை. மழையை நம்பி வளரும் செடிகளை வெட்டி வெட்டி இதைச் சுமந்து தீர்ப்பதற்கு எத்தனை வருடமாகும்? உமரியை வெட்டி அகற்றினால் கொஞ்சம் போகும் என்பதை மறுக்கவில்லை. கக்கும் செடியில் அதுகூட இல்லை. வெட்டுவதற்கு முன்பே பெரும்பகுதி மண்ணில் விழுந்துவிடும்.

உப்பைச் சுமப்பதற்கு மழையை விட மலிவான கூலியாள் இல்லை. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் மழை பெய்தால் அது ஒரு இலட்சம் லீற்றருக்குச் சற்று மேல். ஒரு அடி ஆழ மண்ணினூடாக ஒரு அடி நீர் கீழே இறங்கினால், அந்த மண்ணிலுள்ள உப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கரைந்து போகும் என்பது மண்ணியலாளர் நெடுநாளாகக் கைக்கொள்ளும் கணக்கு. யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர், அதாவது நாலு அடிக்கு மேல் மழை பெய்கிறது. பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை. தண்ணீர் போதும். அதை ஓடவிடாமல் நிலத்தினூடாக இறக்குவதுதான் வேலை.

இறக்குவதற்கு இரண்டு ஏற்பாடு வேண்டும். மேலே வரம்பு, கீழே வடிகால். ஆவணி, புரட்டாசியில் வெள்ளை பூத்த மேற்தோலைச் சுரண்டி வெளியேற்றுங்கள். அதை உழுது உள்ளே புதைக்கவேண்டாம். பிறகு உழுது, வயலைச் சிறு சிறு துண்டாக வரம்பு கட்டி, மழைநீரை மூன்று நான்கு நாள் நிறுத்தி, தாழ்ந்த பக்கத்து வாய்க்காலால் வடியவிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வடிவது பக்கத்து வயலுக்குள் போகக்கூடாது. ஆகவே இது ஒரு குடும்பம் தனியே செய்யக்கூடிய காரியமல்ல. வாய்க்கால் நெடுகிலும் உள்ளவர்கள் கூடிப் பேசித்தான் செய்ய வேண்டும். பங்காளர்களில் சிலர் வெளிநாட்டிலும் சிலர் இன்னும் முகாம் வாழ்விலுமாக இருக்கும் இடங்களில் இது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன்.

கடல்நீர் இன்னும் வந்துகொண்டிருக்கும் வயலில் இவை எல்லாம் வீண். 1950களில் தொண்டமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டதன் நோக்கமே கடலை வெளியே நிறுத்தி மழைநீரை உள்ளே தேக்குவதுதான். போர்க்காலத்தில் பெரிய தடுப்பணைகளும் சிறிய கிராமத்து உவர்நீர்த் தடுப்பணைகளும் பராமரிப்பின்றிக் கிடந்தன. உங்கள் ஊர் அணையின் பலகை உக்கியிருந்தால், விதைநெல்லுக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பு அதற்கு எழுதுங்கள்.

நெல்லினத்தைத் தெரிவதும் உதவும். கேரளத்தின் கரையோரத்தில் பொக்காளி என்ற பழைய நெல் உவர் வயலில் விளைகிறது. அதை பி.ஜி. 94-1 என்ற இனத்தோடு கலந்து அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் ஏ.ரி. 354 என்ற மூன்றரை மாத நெல்லை உருவாக்கினார்கள். சுரப்பி இல்லாத இந்த நெல், சோடியத்தை இலைக்கு ஏறவிடாமல் வழியிலேயே பிடித்து வைப்பதில் கெட்டித்தனம் உள்ளது. ஆனால் பொக்காளிக் கமக்காரர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பருவமழைக்கு முன்பே வயலில் மண்ணைக் கும்பி கும்பியாகக் குவித்து வைக்கிறார்கள். மழை கும்பியின் உச்சியிலுள்ள உப்பைக் கழுவி இறக்கிய பின்னர்தான் அதன் மேல் விதைக்கிறார்கள். உவர் தாங்கும் நெல்லுக்கே அவர்கள் முதலில் மண்ணைக் கழுவிக் கொடுக்கிறார்கள். நெல்லின் நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் உப்புக்கு மிகவும் நொய்ந்தவை என்பதையும் மறக்கவேண்டாம்.

விதைக்கும் முன் நாலைந்து இடத்து மண்ணைக் கலந்து ஒரு பையில் கட்டி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்து, மின்கடத்துதிறனை அளக்கச் சொல்லுங்கள். மண்சாற்றின் அளவு 4க்கு மேலானால் அது உவர் நிலம். வெங்காயமும் போஞ்சியும் ஒன்று, ஒன்றரைக்கே குறையத் தொடங்கும், நெல் மூன்றளவில், பீற்றூட் நாலளவில். மழை ஒருமுறை தவறினால் கோடையில் உப்பு மீண்டும் மேலேறும். வெறும் தரையாக விடாமல் வைக்கோலாலாவது மூடிவிடுங்கள். நெல் செய்ய முடியாத துண்டில் அறுகைப் பிடுங்கவேண்டாம். மாட்டுக்குத் தீனியுமாயிற்று, நிலத்துக்குப் போர்வையுமாயிற்று. கண்ணா இலையை ஆடு விரும்பித் தின்னும். கழுவிக் கொடுத்து, பக்கத்தில் நல்ல தண்ணீர் தாராளமாக வையுங்கள்.

கரையோரத்துக் கண்ணாக்காட்டை அப்படியே விடுங்கள். ஆனால் வயலுக்குள் நடாமலே ஒரு கண்ணாக் கன்று முளைத்திருந்தால், அதைப் பிடுங்குவதற்கு முன் அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாவின் விதை மிதந்து வருவது. பெருக்கு நீர் எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு தூரம்தான் அது வரும். அந்தக் கன்றிலிருந்து கடனீரேரி வரைக்கும் நடந்து பாருங்கள். உடைந்த வரம்பு அந்த வழியில்தான் எங்கேயோ இருக்கிறது.